திணையும் அட்டையும்: இசையிதழ் முகப்புகளில் வகைமை வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

இசை செவிக்குரியது, இதழின் அட்டை கண்ணுக்குரியது. கேட்கப்படும் ஒன்றைக் காட்சியாக மாற்றும் முயற்சியில் ஒவ்வோர் இசை வகைமையும் தனக்கென ஒரு முகப்பு மரபை உருவாக்கிக்கொண்டுள்ளது. மேற்கத்தியச் செவ்வியல், ஜாஸ், ராக், ஹெவி மெட்டல், பாப், ஹிப்-ஹாப் ஆகிய வகைமைகளைச் சார்ந்த பிரித்தானிய, அமெரிக்க இதழ்களின் அட்டை வடிவமைப்பை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு ஒப்பீட்டுக்குரிய அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துரு, நிறம், உடை, இசைக்கருவி முதலிய கூறுகள் வகைமை விட்டு வகைமைக்கு எளிதில் இடம்பெயர்கின்றன. வாசகருக்கும் இசைக்கும் இடையே அட்டை நிறுவும் உறவு அவ்வாறு இடம்பெயர்வதில்லை. அட்டையில் தோன்றும் மனிதருக்குக் கிடைக்கும் மதிப்பை அவ்வுறவே முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: இசையிதழ், அட்டை வடிவமைப்பு, வகைமை, குறியியல், முதல், கரு, உரி, திணைமயக்கம்.

1. முன்னுரை

இசைத்தட்டு விற்பனையின் தொடக்கக் காலத்தில் தட்டுகள் வெற்றுத்தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. கொலம்பியா நிறுவனத்தின் கலை இயக்குநர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940ஆம் ஆண்டு வாக்கில் இசைத்தொகுப்புகளுக்கு ஓவிய உறைகளை அறிமுகப்படுத்திய பின்னரே, ஓர் இசையைக் கேட்பதற்கு முன் அதனைக் கண்ணால் காணலாம் என்னும் வழக்கம் பரவியது. அதனோடு இணைந்தும் அதற்கு முன்னரும் வளர்ந்த இசையிதழ்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. கடையில் பல இதழ்களுக்கிடையே கிடக்கும் ஓர் அட்டை, தான் எவ்விசையைப் பற்றியது என்பதை ஓசையின்றி அறிவிக்க வேண்டும்.

அவ்வறிவிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்க முற்படும் ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டுக் குறியியலை நாடுகின்றன. குறிப்பான், குறிப்பீடு என்னும் இணை, ஓர் அட்டையின் தனிக்கூறுகளை விளக்கப் போதுமானது. ஆனால் ஒரே கூறு இருவேறு வகைமைகளில் இருவேறு பொருள் தருவது ஏன் என்னும் வினாவுக்குக் கூறுகளை வரிசைப்படுத்திக் காணும் முறை ஒன்று தேவைப்படுகிறது. தமிழ்ப் பொருளிலக்கணத்தில் அத்தகைய முறை உண்டு.

2. அணுகுமுறை: முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகத்திணைப் பாடலின் உள்ளடக்கத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்கள் உரி. பாடலுள் பயிலும்போது இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறப்புடையன என்பதும், உரிப்பொருள் அல்லாதவை தம்முள் மயங்கலாம் என்பதும் அவர் வகுத்த நெறிகள். கருப்பொருள் பட்டியலில் பறையும் யாழும் இடம்பெறுவது இங்குக் கருதத்தக்கது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என உரையாசிரியர்கள் பிரித்துரைப்பது, இசையையும் நிலத்தையும் வாழ்முறையையும் இணைத்து வகைப்படுத்தும் மரபு தமிழில் தொன்மையானது என்பதைக் காட்டுகிறது.

இப்பாகுபாட்டை இதழின் அட்டைக்குப் பொருத்தும்போது, இதழின் அளவும் வெளிவரும் கால இடைவெளியும் படம் காட்டும் இடமும் தருணமும் முதற்பொருளாகின்றன. எழுத்துரு, நிறம், உடை, கருவி, அட்டை வாசகங்கள் ஆகியன கருப்பொருள். அட்டையைக் காணும் வாசகருக்கும் அதில் தோன்றும் கலைஞருக்கும் இடையே உருவாகும் உறவு உரிப்பொருள். இப்பொருத்தம் ஒப்புமை நோக்கியதே. அட்டைகளை வடிவமைத்தோர் இம்மரபை அறிந்து செயல்பட்டனர் என்பது இதன் கருத்தன்று.

3. பெயரும் எழுத்தும்

ஓர் இதழ் தன் பெயரிலேயே எதனை முன்னிறுத்துகிறது என்பது முதல் வேறுபாடு. நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி 1923இல் இலண்டனில் தொடங்கிய ‘கிராமபோன்’ கேட்கும் பொறியின் பெயரைச் சூடியது. அதன் வாசகர் அரங்கில் அமர்ந்திருப்பவர் அல்லர். வீட்டில் இசைத்தட்டைத் தேர்ந்து வாங்கிக் கேட்பவர். 1934இல் சிகாகோவில் தொடங்கிய ‘டவுன்பீட்’ தாளத்தின் முதல் அடியைக் குறிக்கும் இசைக்கலைச்சொல்லைப் பெயராகக் கொண்டது. அச்சொல்லை அறிந்தவர் இசைப்பவரோ இசைநுட்பம் பழகியவரோ ஆவர். 1981இல் வெளிவந்த ‘கெராங்’ என்னும் இதழின் பெயர் அகராதிச் சொல்லே அன்று. மின்கிதாரின் நரம்புகளை ஒருசேர வலிந்து மீட்டும்போது எழும் ஓசையைப் போலச் செய்த ஒலிக்குறிப்புச் சொல் அது. பொறி, இலக்கணம், ஓசை என மூன்று இதழ்களும் மூன்று வெவ்வேறு வாயில்கள் வழியே இசையை அணுகுகின்றன.

எழுத்துருவும் இவ்வழியே செல்கிறது. ‘கெராங்’ இதழின் பெயரெழுத்துகள் அடிபட்டு விரிசல் விட்ட கண்ணாடியைப் போன்றவை. இறுதியில் வியப்புக்குறியும் உண்டு. ஓசையின் ஆற்றல் எழுத்தையே உடைத்துவிட்டது என்பது அதன் உட்பொருள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் பெயரெழுத்தை வரைந்தவர் ரிக் கிரிஃபின். அந்நகரின் இசை நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டி வரைந்த ஓவியர் அவர். சுவரொட்டியின் வளைவுகள் நாளிதழ்த் தாளில் அச்சாகி, ஓர் ஊரின் இளைஞர் பண்பாட்டை நாட்டுக்குரிய செய்தியாக்கின.

ஒரே கருப்பொருள் இரு வகைமைகளில் எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்குப் படிக்கவியலாத எழுத்து நல்ல சான்று. கடும் மெட்டல் வகைக் குழுக்களின் பெயர்ச்சின்னங்கள் முட்புதரைப் போலவோ வேர்களைப் போலவோ பின்னிக் கிடப்பவை. புதியவரால் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது. 1992இல் தொடங்கிய மாற்று ராக் இதழான ‘ரே கன்’ இதழின் கலை இயக்குநர் டேவிட் கார்சனும் படிப்பதற்கு அரிய பக்கங்களை உருவாக்கினார். இதழின் பெயர்கூட ஒவ்வொரு முறையும் வடிவம் மாறியது. பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் சுவையற்றது எனக் கருதிய கார்சன், அதன் ஒரு பதிப்பை எழுத்துகளே இல்லாத, குறிகள் மட்டும் கொண்ட சாப்ஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அச்சிட்ட நிகழ்வு வடிவமைப்பு வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படுவது. இரண்டிலும் எழுத்து படிக்கப்படுவதில்லை, பார்க்கப்படுகிறது. எனினும் மெட்டலில் அது குலக்குறியாக நின்று, அறிந்தவரை உள்ளே அழைத்து அறியாதவரை வெளியே நிறுத்துகிறது. ‘ரே கன்’ இதழில் அது அச்சு ஊடகத்தின் மேலேயே எழுப்பப்படும் ஐயம். கரு ஒன்றாயினும் உரி வேறு.

4. உடலும் கருவியும்

செவ்வியல் இசையிதழ்களின் அட்டையில் வயலின் கலைஞர் வயலினோடும் பியானோ கலைஞர் பியானோவின் அருகிலும் தோன்றுவது பெருவழக்கு. அட்டை வாசகங்களில் இசைப்பவரின் பெயரோடு இசை இயற்றியவரின் பெயரும் இடம்பெறும். படத்தில் இருப்பவர் வாழ்பவர். பெயரில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவர். கருவி அவ்விருவரையும் இணைக்கும் பாலமாகிறது. 1992 முதல் வெளிவரும் ‘பி.பி.சி. மியூசிக்’ இதழ் ஒவ்வொரு முறையும் குறுந்தட்டு ஒன்றைச் சேர்த்தே விற்கப்பட்டது. அங்குக் கேட்கும் பொருளும் அட்டையின் பகுதியாகிவிடுகிறது. இவ்வகைமையின் உரிப்பொருளைத் தேர்தல் எனலாம். ஒரே இசைப்படைப்பின் பல பதிவுகளுள் சிறந்தது எது என்று தேர்ந்துகொள்ள வாசகர் அழைக்கப்படுகிறார்.

ஜாஸ் இதழ்களிலும் கருவி உண்டு. ஆனால் அது செயலில் இருக்கும். 1940களில் ‘டவுன்பீட்’ இதழுக்காக எழுதியும் படம் பிடித்தும் வந்த வில்லியம் காட்லீப் எடுத்த புகைப்படங்கள் இதற்குச் சான்று. தலை சற்றே பின்சாய, வாய் திறந்து, கண்ணிமை தாழப் பாடும் பில்லி ஹாலிடேயின் படத்தில் அவர் காண்பவரை நோக்கவில்லை. அவரது கவனம் முழுவதும் பாட்டிலேயே இருக்கிறது. செவ்வியல் அட்டையில் கலைஞர் கருவியோடு அமர்ந்து காண்பவரை ஏறிட்டு நோக்கலாம். ஜாஸ் படத்தில் கலைஞர் தம்மை மறந்திருக்க, காண்பவர் ஒதுங்கி நின்று கேட்கிறார். உடனுருவாக்கும் மனோதர்மத்தை உயிராகக் கொண்ட இசைக்கு, அது பிறக்கும் நொடியே உரிய முதற்பொருள். அதன் உரிப்பொருள் வித்தைக்குச் செவிசாய்த்தல்.

ராக் இதழ் கருவியைக் கைவிட்டது. 1967 நவம்பர் 9 நாளிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழின் அட்டையில் ஜான் லெனன் பாடகராகத் தோன்றவில்லை. ‘ஹவ் ஐ வன் த வார்’ என்னும் திரைப்படத்தில் படைவீரர் வேடத்தில் தலைக்கவசத்தோடு தோன்றினார். ராக் கலைஞர் என்பவர் இசைப்பவர் மட்டும் அல்லர், காலத்தைப் பற்றிக் கருத்துடைய மனிதர் என்னும் அறிவிப்பு அம்முதல் அட்டையிலேயே உள்ளது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் போரை எள்ளும் படத்தின் காட்சி ஓர் இசையிதழின் முகப்பானது தற்செயலாயினும் பொருளற்றதன்று.

அம்மரபின் உச்சமாக 1981 ஜனவரி 22 நாளிட்ட அட்டையைக் கருதலாம். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த அப்படத்தில், கருநிற உடை அணிந்து படுத்திருக்கும் யோகோ ஓனோவை ஆடையற்ற லெனன் குழந்தைபோல் தழுவியிருக்கிறார். 1980 டிசம்பர் 8 அன்று, லெனன் கொல்லப்படுவதற்குச் சில மணிநேரம் முன்பு எடுக்கப்பட்ட படம் அது. இதழின் பெயரன்றித் தலைப்பு வாசகம் ஏதும் அதில் அச்சிடப்படவில்லை. கருவி இல்லை, மேடை இல்லை, லெனனின் உடலில் உடையும் இல்லை. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் ஒன்றாலேயே திணை உணரப்படும் பாடல்களை உரையாசிரியர்கள் ஏற்பர். அவ்வட்டையும் அவ்வகையினது. பிரிவு நிகழ்ந்துவிட்டதை அறிந்த வாசகருக்கு அத்தழுவலே போதுமானதாயிற்று. 2005இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம் முந்தைய நாற்பது ஆண்டுகளின் சிறந்த இதழ் அட்டையாக அதனைத் தேர்ந்தது.

5. நெருக்கமும் கூட்டமும்

பாப் இதழின் அட்டை தனிமையை விரும்பாது. பளிச்சிடும் நிறங்கள், சிரித்த முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவை போன்ற சிறுபடங்கள், உள்ளே கிடைக்கும் சுவரொட்டி பற்றிய அறிவிப்பு ஆகியவை அதன் கருப்பொருள்கள். 1978இல் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பாடல் வரிகளை அச்சிட்டுப் புகழ்பெற்றது. திரையரங்க வாயிலில் பாட்டுப் புத்தகம் வாங்கிய தலைமுறையினருக்கு அதன் ஈர்ப்பு எளிதில் விளங்கும். பாடலைக் கேட்பதோடு நில்லாது, வரி தவறாமல் உடன்பாட விரும்பும் இளையவரே அதன் வாசகர். அட்டையில் கலைஞர் நேராக நோக்கிச் சிரிப்பதும் அதனாலேயே. அங்கு உரிப்பொருள் நெருக்கம்.

‘கெராங்’ அட்டையும் நெரிசல் மிக்கது; சுவரொட்டியும் சிறுபடங்களும் அதிலும் உண்டு. கருப்பொருள் அளவில் அது ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழுக்கு அண்மையது. ஆயினும் அதன் முகங்கள் பெரும்பாலும் சிரிப்பதில்லை, முறைக்கின்றன, கத்துகின்றன. ‘சவுண்ட்ஸ்’ என்னும் வார இதழின் துணையிதழாக வந்த அதன் முதல் அட்டையில் ஏசி/டிசி குழுவின் கிதார் கலைஞர் அங்கஸ் யங் தோன்றினார். பள்ளிச் சீருடையில் மேடையேறுவது அவரது வழக்கம். ஒழுங்கின் அடையாளமான சீருடையை ஒழுங்கின்மையின் அடையாளமாக மாற்றிய அவ்வுருவம், பள்ளியில் ஒதுங்கி நின்ற இளைஞருக்கு ஒரு கூட்டத்தைக் காட்டியது. மெட்டல் அட்டையின் முறைப்பு வாசகரை நோக்கியதன்று. வாசகரோடு சேர்ந்து வெளியுலகை நோக்கியது. அதன் உரிப்பொருள் குழுவுணர்வு.

அட்டையின் தன்மையை ஆசிரியரின் தனிவிருப்பம் முடிவு செய்கிறதா, வகைமை முடிவு செய்கிறதா என்னும் வினாவுக்கு நிக் லோகன் என்பவரின் பணிவாழ்வு விடை தருகிறது. 1970களில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். 1978இல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழையும் 1980இல் ‘த ஃபேஸ்’ இதழையும் தொடங்கியவரும் அவரே. முதலாவது, நாளிதழ்த் தாளில் கருத்துமோதல்களோடு வந்த ராக் ஏடு. இரண்டாவது, வண்ணப் பாப் இதழ். மூன்றாவது இசையோடு உடையையும் நடையையும் சேர்த்துக் கண்ட இதழ். அதன் முதல் அட்டையில் த ஸ்பெஷல்ஸ் குழுவின் ஜெர்ரி டேமர்ஸ் தோன்றினார். பின்னர் நெவில் பிராடி அதன் எழுத்துகளையே படங்களாக்கினார். ஏழெட்டு ஆண்டு இடைவெளிக்குள் ஒரே மனிதர் மூன்று வெவ்வேறு முகப்பு மரபுகளில் இயங்கியிருக்கிறார். ஆசிரியர் மாறவில்லை, அவர் முன்னிறுத்திய வாசகர் உறவு மாறியது.

6. அட்டை தரும் மதிப்பு

உரிப்பொருளின் வலிமை அட்டையில் இடம்பெறும் மனிதரையே மாற்றவல்லது என்பதை 2013ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று உணர்த்துகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர், தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட ஒரு படம் மே மாதத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. அப்போது பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஆகஸ்ட் 1 நாளிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ அதே படத்தை அட்டையில் வெளியிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பெரும் கடைத்தொடர்கள் அவ்விதழை விற்க மறுத்தன. படத்தோடு இருந்த வாசகம் அவரைக் கொடியவர் என்றே கூறியது. எனினும் கலைந்த முடியும் நேர்நோக்கும் கொண்ட இளைய முகம் ஒன்று அவ்விதழின் பெயருக்குக் கீழே அமர்ந்ததும், ராக் கலைஞருக்கு வழங்கப்படும் ஈர்ப்பு தானாகவே அதன்மேல் படர்ந்தது. நாளிதழின் முதற்பக்கம் ஒருவரைச் செய்தியாக்குகிறது. ராக் இதழின் அட்டை ஒருவரை நாயகனாக்குகிறது. அட்டை வாசகத்தால் அதனைத் தடுக்க இயலவில்லை.

ஹிப்-ஹாப் இதழ்களின் வரலாற்றில் இதே வலிமை மேலும் துயரமான வடிவில் வெளிப்பட்டது. 1988இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஒரு செய்திமடலாகத் தொடங்கிய ‘த சோர்ஸ்’, இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸ் நிறுவ 1993 முதல் தொடர்ந்து வெளிவந்த ‘வைப்’ ஆகியவை இவ்வகைமையின் முதன்மை இதழ்கள். இவற்றின் அட்டைகளில் கருவி அரிது. வாய்மொழியே கருவியாக உள்ள இசையில் பேசுபவரின் முகமும் நிற்கும் முறையும் முதன்மை பெறுகின்றன. நேராக ஊன்றிய நோக்கு, நெஞ்சுயர்த்திய நிலை, சார்ந்த ஊரைக் காட்டும் உடை ஆகியன அதன் கருப்பொருள்கள். தன்னை நாட்டிக்கொள்ளுதல் அதன் உரி. பிற பொது இதழ்கள் கறுப்பின இளைஞரைப் பெரும்பாலும் குற்றச்செய்தியாக மட்டுமே கண்ட சூழலில், அவரை நிமிர்ந்து நிற்கும் கலைஞராகக் காட்டியது இவ்விதழ்களின் சாதனை.

ஆனால் தன்னை நாட்டுதல் பிறரை எதிர்த்தலாகத் திரியும் வாய்ப்பும் அவ்வுரிப்பொருளிலேயே உள்ளது. 1996 பிப்ரவரி ‘வைப்’ அட்டையில் மேற்குக் கடற்கரையின் டெத் ரோ நிறுவனத்தைச் சேர்ந்த டூபாக் ஷகூர் உள்ளிட்ட நால்வர் தோன்றினர். அவ்வாண்டு செப்டம்பர் அட்டையில் நியூயார்க்கின் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. தோன்ற, கிழக்குக்கும் மேற்குக்கும் போட்டி என்பதே தலைப்பாயிற்று. அதே செப்டம்பரில் ஷகூரும், 1997 மார்ச்சில் பி.ஐ.ஜி.யும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்கு இதழ்களைக் காரணமாக்குவது முறையன்று. எனினும் தனிமனிதர் சிலரின் பகையை இரு கரைகளின் போராக அச்சிட்டுப் பெருக்கியதில் இசையிதழ்களுக்குப் பங்கு உண்டு என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு நிலப்பெயரை அட்டையில் பெரிய எழுத்தில் இடுவது முதற்பொருளைச் சுட்டுவது மட்டுமன்று. அந்நிலத்தார் அனைவரையும் ஒரு பக்கத்தில் நிறுத்துவதுமாகும்.

7. திணைமயக்கம்: ஹார்லெமில் இரு படங்கள்

1958ஆம் ஆண்டு கோடையில் ‘எஸ்குவயர்’ இதழுக்காக ஆர்ட் கேன், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கிழக்கு 126ஆம் தெருவின் ஒரு வீட்டுப் படிக்கட்டில் 57 ஜாஸ் கலைஞர்களைத் திரட்டிப் படமெடுத்தார். கவுண்ட் பேசி நடைபாதை விளிம்பில் அமர்ந்திருக்க, அவரருகே தெருச் சிறுவர்கள் வரிசையாக அமர்ந்தனர். 1959 ஜனவரி இதழில் வெளிவந்த அப்படத்தில் மேடையில்லை, ஒளியமைப்பில்லை. மூத்தோரும் இளையோரும் ஒரே படியில் நிற்கின்றனர். ஜாஸ் ஒரு குடும்பம் என்பதே அப்படத்தின் கூற்று.

சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1998 செப்டம்பர் 29 அன்று, ‘எக்ஸ்.எக்ஸ்.எல்.’ என்னும் ஹிப்-ஹாப் இதழ் அதே தெருவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஹிப்-ஹாப் கலைஞர்களை அழைத்தது. படமெடுக்க அழைக்கப்பட்டவர் கார்டன் பார்க்ஸ். ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பினப் பணிப் புகைப்படக்கலைஞர் அவர். அப்போது அவருக்கு வயது 85. கூட்டம் ஒரு வீட்டுப் படியில் அடங்காமல் அடுத்த வீடுகளின் படிகளிலும் பரவியது.

வடிவமைப்பு நோக்கில் இது வெளிப்படையான கடன். இடம், கருப்பு வெள்ளை நிறம், படிக்கட்டு வரிசை ஆகிய முதலும் கருவும் ஜாஸ் படத்திலிருந்து பெறப்பட்டவை. ஆனால் உடையும் நிலையும் நோக்கும் ஹிப்-ஹாப் மரபினவாகவே நின்றன. ஜாஸ் படத்தின் உரிப்பொருள் உறவினர் கூடுகை. ஹிப்-ஹாப் படத்தின் உரிப்பொருள் தன்னை நாட்டுதல். இம்முறை நாட்டப்பட்டது தனியொருவரின் பெருமையன்று. ஒரு வகைமையின் மரபுரிமை. கடற்கரைகளின் பெயரால் பிளவுபட்ட ஓர் இசை, இரு மரணங்களுக்குப் பின், தனக்கு முன்பே ஒரு குடும்பம் இருந்தது என்று அத்தெருவில் சொல்லிக்கொண்டது.

இங்குத் திணைமயக்கம் பற்றிய இலக்கணம் புதிய பொருள் பெறுகிறது. ஹார்லெம் ஜாஸுக்கு உரிய நிலம், அதனை ஹிப்-ஹாப் இரவல் பெற்றது என்று கூறுவது முழு உண்மையன்று. இரு இசைகளும் நியூயார்க்கின் கறுப்பின மக்களிடையே வேர்கொண்டவை. நிலம் முன்பே ஒன்று. வகைமைப் பெயர்களும் அவற்றைத் தனித்தனியே விற்ற இதழ்களுமே அதனைப் பிரித்தன. ஒரு வகைமையின் முதற்பொருளைப் பிறிதொரு வகைமை எடுத்தாளும்போது அது வெறும் நகலாகிறதா, உரிமைகோரலாகிறதா என்பதை இரண்டுக்கும் பொதுவான வாழ்நிலமே தீர்மானிக்கிறது எனலாம்.

8. வகைமையின் முதுமையும் அச்சின் சுருக்கமும்

உரிப்பொருள் இடம்பெயர்வதில்லை என்பது அது என்றும் மாறாது என்பதாகாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் காட்டுவதுபோல, காலம் ஒரு வகைமையை உள்ளிருந்தே மாற்றும். 1967இல் ராக் அட்டை நிகழ்காலத்தின் குரல். 1993இல் தொடங்கிய ‘மோஜோ’ தன் முதல் அட்டைக்குத் தேர்ந்தவர்கள் பாப் டிலனும் ஜான் லெனனும். ஒருவர் அப்போதே முப்பதாண்டுப் புகழ் உடையவர். மற்றவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்டை இன்னும் ராக் அட்டைதான். ஆனால் வாசகர் செய்வது பழைய பதிவுகளைத் தேர்ந்து பேணுதல். ராக் முதுமையுற்றபோது செவ்வியல் இதழின் உரிப்பொருளுக்கு அண்மையில் வந்துவிட்டது. அது கடன் வாங்கப்பட்டதன்று; வயதால் வந்தது.

அச்சு இதழ்கள் சுருங்கியதும் முதற்பொருளை மாற்றியுள்ளது. ‘ரோலிங் ஸ்டோன்’ தன் பெரிய அளவை 2008இல் குறைத்துக்கொண்டு, 2018இல் மீண்டும் பெரிய வடிவுக்குத் திரும்பியது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ தன் வாராந்தர அச்சுப் பதிப்பை 2018இல் நிறுத்தியது. 1986இல் தொடங்கிய ‘கியூ’ 2020இல் நின்றுபோனது. இன்று பாடல் ஒன்றின் முகம் கைபேசித் திரையில் விரல்நக அளவுச் சதுரமாகத் தோன்றுகிறது. அச்சதுரத்தில் எழுத்துருவும் நிறமும் இடம்பெறலாம். அட்டை வாசகங்களும் கூட்டப் படமும் அடங்கா. கருப்பொருளைக் காக்கும் அளவுக்கு அச்சிறுவடிவம் உரிப்பொருளைக் காக்கவில்லை.

9. முடிவுரை

இசையிதழ் அட்டைகளை நிறம், எழுத்து, படம் எனத் தனித்தனியே பட்டியலிடும் ஒப்பீடு அவற்றின் ஒற்றுமைகளையே மிகுதியும் காட்டும். சுவரொட்டி அறிவிப்பு பாப் இதழிலும் உண்டு, மெட்டல் இதழிலும் உண்டு. படிக்கவியலாத எழுத்து மெட்டலிலும் உண்டு, மாற்று ராக்கிலும் உண்டு. கருவியோடு கூடிய உருவம் செவ்வியலிலும் உண்டு, ஜாஸிலும் உண்டு. முதல், கரு, உரி என வரிசைப்படுத்தி நோக்கும்போதே வேறுபாடு புலனாகிறது. தேர்தல், செவிசாய்த்தல், மனிதரை நாயகனாகக் காணல், குழுவுணர்வு, நெருக்கம், தன்னை நாட்டல் என ஒவ்வொரு வகைமையும் வாசகரிடம் வெவ்வேறு ஒழுக்கத்தை எதிர்பார்க்கிறது.

அவ்வொழுக்கமே அட்டையில் உள்ளவரின் மதிப்பையும் தீர்மானிக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவர் நாயகனாகத் தோன்றியதும், இரு கலைஞரின் பகை இரு நிலங்களின் பகையாகத் தோன்றியதும், பகைக்குப் பின் ஒரு தெருப்படிக்கட்டு அனைவருக்கும் பொது முற்றமானதும் வடிவமைப்பின் விளைவுகளே. ஆகவே வடிவமைப்பாளர் ஓர் எழுத்துருவைத் தேரும்போது அழகை மட்டும் தேர்வதில்லை. காண்பவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதையும் தேர்கிறார். தமிழ்ப் பொருளிலக்கணம் பாடலைப் பகுத்தறிய வகுத்த முறை, அச்சுப் பண்பாட்டின் காட்சி வடிவங்களைப் பகுத்தறியவும் பயன்படும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.